வீணாகும் வெப்பமும் மலைநாட்டின் இருளும்

மலைநாட்டுத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலை என்னும் பெயர் சற்று அந்நியமானது. அவர்கள் அதனை ‘ஸ்டோர்’ என்றே அழைப்பர். நுவரெலியாப் பக்கத்தில் தை மாதத்து அதிகாலைகளில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாய்ப் படிந்திருக்கும். அந்நாட்களில் ஸ்டோரின் பின்புறம், கொழுந்து காயவைக்கும் அடுப்பிருக்கும் பக்கத்துச் சுவரோடு முதுகைச் சாய்த்து நிற்கும் சிறுவர்களைக் காணலாம். நானும் அவர்களுள் ஒருவனாய் நின்றவன். கணக்கப்பிள்ளையின் ஏட்டில் விறகுக்கு ஒரு பக்கம் இருந்தது; தேயிலைக்கு ஒரு பக்கம் இருந்தது. நாங்கள் முதுகில் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன அந்தச் சூட்டுக்குப் பக்கம் எதுவும் இருக்கவில்லை.

அட்டனை அடுத்த ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும்போது ஒரு மாணவி கேட்ட கேள்வியே இந்நினைவைக் கிளறிவிட்டது. பாடசாலைக் கூரையில் புதிதாகப் பொருத்தப்பட்ட சூரிய மின்தகட்டின் அடிப்புறத்தை அவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள். “சேர், இது இவ்வளவு சுடுகிறதே! வெளிச்சத்திலிருந்து மின்சாரம் வருகிறதென்றால், இந்தச் சூடு எங்கே போகிறது? இதிலிருந்தும் மின்சாரம் எடுக்கக்கூடாதா?” என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இருநூறு ஆண்டுகளாக ஐரோப்பாவின் ஆய்வுக்கூடங்களைத் தொந்தரவு செய்துவரும் கேள்வி அது. மலைநாட்டு மக்களுக்கோ அது ஆய்வுக்கூடத்துக் கேள்வி மட்டுமன்று. ஆற்றல் எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது, யாருக்குப் பயன்படுகிறது, யாருக்குச் சுவர்ச்சூடாய் மிஞ்சுகிறது என்னும் கேள்வி இம்மலைகளின் சரித்திரம் முழுவதிலும் ஊடாடிக் கிடக்கிறது.

முதலில் விஞ்ஞானத்தின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

ஒளியிலிருந்து மின்சாரம் பிறப்பதை 1839இல் பிரெஞ்சு நாட்டு எட்மண்ட் பெக்கரல் கண்டார். அக்காட்சி நூறாண்டுக்கு மேல் வெறும் வியப்பாகவே நின்றது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சேப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் சிலிக்கனைக்கொண்டு உருப்படியான முதல் சூரிய மின்கலத்தைச் செய்துகாட்டினர். அது தன்மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே மின்சாரமாக்கிற்று. இன்று சந்தையில் கிடைக்கும் நல்ல தகடுகள் நூற்றுக்கு இருபது பங்கும் அதற்குச் சற்று மேலும் மாற்றுகின்றன. எஞ்சியதில் ஒரு சிறு பகுதி தெறித்துத் திரும்புகிறது. மற்றதெல்லாம் வெப்பமாகித் தகட்டையே சுடவைக்கிறது. சூடேறிய தகடு சோம்பல் கொள்கிறது என்பது இதனினும் மோசமான செய்தி. வெப்பநிலை ஒவ்வொரு பாகை ஏறும்போதும் அதன் மின்விளைச்சல் நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 பங்கு குறைகிறது. ஆகவே அந்த வெப்பம் வீணாவதோடு நில்லாமல் பயனாக வேண்டியதையும் கெடுக்கிறது.

வெப்பத்திலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் வித்தை சூரிய மின்கலத்தினும் பழையது. எஸ்தோனியாவில் பிறந்து பெர்லினில் வாழ்ந்த தோமஸ் சீபெக் 1821இல் இரு வேறு உலோகக் கம்பிகளை இரு முனைகளிலும் இணைத்து, ஒரு முனையைச் சுடவைத்து மறு முனையைக் குளிரவைத்தார். அருகிலிருந்த காந்த ஊசி அசைந்தது. அவர் அதனைக் காந்த விளைவென்றே எண்ணினார். கம்பியில் மின்சாரம் ஓடுகிறதென்பது பின்னரே தெளிவாயிற்று. அதற்கு மூன்றாண்டு கழித்து, 1824இல், சாடி கார்னோ என்னும் இளம் பிரெஞ்சுப் பொறியியலாளர் நீராவி எந்திரத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் கையாண்ட ஓர் உவமை நம் மலைநாட்டாருக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. உயரத்திலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல, சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு ‘விழும்’ வெப்பமே வேலை செய்கிறது என்றார் அவர். விழும் உயரம் குறைந்தால் வேலையும் குறையும். நீர் எவ்வளவு இருந்தாலும், தேங்கிய குளத்தில் சக்கரம் சுழலாது.

இவ்வுவமையை இங்கே நிறுத்திவைத்துவிட்டு, உண்மையான நீர் விழுந்த இடங்களுக்குச் செல்வோம்.

1912ஆம் ஆண்டு. நுவரெலியா வெள்ளைக்காரத் துரைமாரின் ஓய்வூர்; குதிரைப் பந்தயமும் கொல்ப் விளையாட்டும் கொழும்பின் வெயிலுக்கு அஞ்சி ஓடிவந்த உத்தியோகத்தர்களும் நிறைந்த ஊர். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையிலுள்ள பிளாக்பூல் என்னுமிடத்தில் ஒரு சிறு நீர்மின் நிலையம் எழுந்து அவ்வூருக்கு விளக்கேற்றிற்று. அதனை அமைத்தவர் பொதுவேலைப் பகுதியில் பணியாற்றிய தேவப்புர ஜயசேன விமலசுரேந்திர என்னும் சிங்களப் பொறியியலாளர். 1918இல் அவர் இலங்கைப் பொறியியற் சங்கத்தின்முன் ஒரு கட்டுரை படித்தார். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரு ஆறுகளும் அபர்தீன், லக்ஷபான அருவிகளில் வீழ்கின்றன. அவ்வீழ்ச்சியைக் கட்டிப் பிடித்தால் இத்தீவின் தொழில்கள், இருப்புப்பாதைகள், வீடுகள் யாவற்றுக்கும் மின்சாரம் தரலாம் என்பது அக்கட்டுரையின் சாரம்.

காலத்தைக் கவனியுங்கள். 1920இல் உள்நாட்டுப் போரும் பஞ்சமும் தீராத ரஷ்யாவில் சோவியத் அரசு நாடு முழுவதையும் மின்மயமாக்கும் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 1926இல் வோல்கோவ் ஆற்றின் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. இங்கோ, பஞ்சமும் போரும் இல்லாத, தேயிலையும் றப்பரும் பொன்னாய் விளைந்த ஒரு குடியேற்ற நாட்டில், 1924இல் தொடங்கிய லக்ஷபான வேலை சில ஆண்டுகளில் பணமில்லை என்று நிறுத்தப்பட்டது. நீலகிரியில் பைக்காரா நிலையம் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிவிட்டது. மைசூரின் சிவசமுத்திரமோ 1902இலேயே கோலார்ச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தது. லக்ஷபானையின் அருவி மட்டும் தன் பாட்டில் விழுந்துகொண்டிருந்தது. விமலசுரேந்திர 1931இல் இரத்தினபுரியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்று அங்கும் இதற்காக வாதாடினார். நிலையம் திறக்கப்பட்டது 1950இல். கட்டுரை படித்து முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின். அதற்கு மூன்றாண்டு கழித்து, 1953இல், அவர் மறைந்தார். கண்ணால் பார்த்துவிட்டுப் போனார் என்பதே ஆறுதல்.

இதுவரை சொன்னது பாடப்புத்தகங்களிலும் உண்டு. பாடப்புத்தகத்தில் இடம்பெறாத மறுபாதிக்கு இனி வருவோம்.

லக்ஷபானையின் மின்சாரம் உயர்ந்த இரும்புக் கோபுரங்களின்மேல் ஏறி மேற்கே கொழும்பை நோக்கிச் சென்றது. அக்கோபுரங்கள் தேயிலை மலைகளின் ஊடாகவே நடந்தன. கம்பியின் அடியில் லயங்கள் இருந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா. அதில் ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. அந்தக் காம்பராவில் எரிந்தது மண்ணெண்ணெய்க் குப்பிலாம்பு. காம்பராவின் மூலையில் விறகடுப்பு. புகை போக வழியில்லாத கூரை. பிள்ளைகள் அந்தக் குப்பிலாம்பைச் சுற்றிக் குப்புறக் கிடந்து படித்தனர். அதன் சுடரில் ஒளியாவது மிகச் சிறிய பங்கு. ஏனையதெல்லாம் வெப்பமும் கரியுமே. காலையில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாய் வரும். எத்தனையோ ஆசிரியர்கள் இன்று இதனை வாசித்துப் புன்னகை செய்வார்கள் என்பதை அறிவேன்.

அதே ஆண்டுகளில், 1950களின் நடுப்பகுதியில், சோவியத் நாட்டில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு விற்பனைக்கு வந்தது. அதன் கண்ணாடிக் குழாயின்மேல் ஒரு வட்டக் கூண்டு. அதைச் சுற்றி உலோகச் சிறகுகள். சுடரின் வெப்பம் கூண்டின் உட்புறத்தைச் சுடவைக்கும். சிறகுகள் வெளிப்புறத்தைக் காற்றில் குளிரவைக்கும். இடையில் பொருத்திய குறைகடத்திகளில் சீபெக் கண்ட அதே மின்சாரம் பிறக்கும். ஏறத்தாழ 3 வாட். ஒரு வானொலிப் பெட்டி பேச அது போதும். மின்கம்பி எட்டாத கிராமத்தில் விளக்கும் எரிந்தது, வானொலியும் பாடியது. இதன் பின்னால் நின்றவர் லெனின்கிராட்டின் பௌதிக அறிஞர் இயோஃபே. இரண்டாம் உலகப் போரின்போது காடுகளில் ஒளிந்து நாஜிகளை எதிர்த்த கொரில்லாப் படையினருக்காக அவருடைய ஆய்வுக்கூடத்தார், அடுப்பில் வைத்தால் வானொலிக் கருவிக்கு மின்சாரம் தரும் ஒரு சமையற் பாத்திரத்தையே உருவாக்கியிருந்தனர்.

சோவியத் நாடு எல்லாவற்றையும் சரியாகச் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. மின்கம்பி எட்டியிருந்தால் அந்த விளக்குக்கு வேலையே இருந்திராது. அது ஒரு குறையை மறைத்த கெட்டித்தனந்தான். ஆயினும் குப்பிலாம்பின் வெப்பம் வீணாகிறதே என்று ஒரு விஞ்ஞானி கவலைப்பட்டார் என்பது சிறிய செய்தியன்று. எங்கள் குப்பிலாம்பைப் பற்றி அப்படி யார் கவலைப்பட்டார்கள்?

கவலைப்பட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை என்பதே உண்மை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. லக்ஷபான விளக்கெரிந்தபோது அதன் கம்பிக்குக் கீழே வாழ்ந்தவர்களிடம் வாக்குச்சீட்டு இல்லை. வாக்கில்லாதவன் வீட்டுக்கு விளக்கேற்ற எந்த மந்திரி மெனக்கெடுவார்? 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்றது. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டப்படி முற்றுப்புள்ளி விழுந்தது 2003இல்.

அந்த இடைக்காலத்தில் அணைகள் ஒன்றன்பின் ஒன்றாய் எழுந்தன. 1965இல் காசல்ரீ, நோர்ட்டன் பிறிட்ஜில் விமலசுரேந்திரவின் பெயர் தாங்கிய நிலையம், 1969இல் மவுஸ்ஸாக்கலை. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரையே விழுங்கிற்று. கடும் கோடையில் நீர் வற்றும்போது அந்நகரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் சேறு பூசிய உடம்போடு தலைகாட்டும். மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்ப்பர். முதியவர்கள் இங்கேதான் சந்தை, இங்கேதான் கடைவீதி என்று விரலால் காட்டிக்கொண்டு நடப்பார்கள். நீர் ஏறியதும் அந்நடை நின்றுவிடும். அண்மைக் காலத்தில், 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட் தருகிறது. தலவாக்கலையில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் அதற்காக இடம்பெயர்ந்தன. செயின்ட் கிளேயர் அருவியின் நீர் மெலிந்தது. மலைநாடு மின்சாரத்தை எப்போதும் கொடுத்தே வந்திருக்கிறது.

இதனால் தோட்டங்களில் மின்சாரமே இருக்கவில்லை என்று கருதிவிடக் கூடாது. துரையின் பங்களாவிலும் ஸ்டோரிலும் லக்ஷபானைக்கு வெகுகாலம் முன்பே மின்விளக்கு எரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலாகவே நூற்றுக்கணக்கான தோட்டங்கள் தம் மலையோடைகளில் சிறு சக்கரங்களையும் சுழலிகளையும் பொருத்தி, கொழுந்து அரைக்கும் உருளைகளை ஓட்டின; பின்னர் மின்னாக்கிகளையும் சுழற்றின. தேசிய மின்வலை வந்தபின், 1960களிலும் 1970களிலும், அவை கைவிடப்பட்டுத் துருவேறின. இன்றும் பல தோட்டங்களில் புற்றரைக்குள் புதைந்த இரும்புக் குழாயை மாட்டுக்காரப் பையன்கள் பாலமாகப் பயன்படுத்துகின்றனர். 1990களில் தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் முளைத்தபோது அப்பழைய ஓடைகள் சிலவற்றின் மதிப்பு மீண்டும் நினைவுக்கு வந்தது.

நம் மாணவியின் கேள்விக்கு மிக அருகில் வருவது ஸ்டோரின் சரித்திரம். ஆகவே அதில் சற்றுக் கூடுதலாகத் தங்குவோம்.

1869இல் கோப்பிச் செடியை இலைநோய் பற்றியது. சில ஆண்டுகளுக்குள் கோப்பிச் சாம்ராச்சியம் சரிந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி வெயிலில் காய்ந்தது. வெயிலுக்குக் கூலி இல்லை. தேயிலை அப்படியன்று. கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். எஞ்சிய மூன்றரைக் கிலோ நீரும் ஆவியாகிப் போயாக வேண்டும். முதலில் கொழுந்தைப் பரப்பி வாட்ட வேண்டும். பிறகு அரைக்க வேண்டும். நொதித்துச் சிவந்ததும் 90 பாகைக்கு மேற்பட்ட சூடான காற்றில் காயவைத்து, ஈரத்தை நூற்றுக்கு மூன்று பங்காகக் குறைக்க வேண்டும். ஆகவே தேயிலைத் தொழிலை இலைத்தொழில் என்பதைவிட நீரை விரட்டும் தொழில் என்பதே பொருந்தும். நீரை விரட்ட வெப்பம் வேண்டும். வெப்பத்துக்காக மலைநாட்டின் காடுகள் அடுப்புக்குள் போயின. காடு தீர்ந்ததும் விறகுக்கென்றே மரம் நட்டனர். உலை எண்ணெய் மலிவாயிருந்த காலத்தில் அதற்கு மாறினர். 1973இல் எண்ணெய் விலை ஏறிய பின்னர் விறகுக்குத் திரும்பினர்.

பழைய ஸ்டோர்கள் நாலு மாடி, ஐந்து மாடிக் கட்டடங்கள். பயணிகள் அவற்றின் வரிசை வரிசையான சன்னல்களைப் படம் எடுப்பார்கள். அவை ஏன் அத்தனை உயரமாயின என்று கேட்பவர் சிலரே. கீழ்த்தளத்தில் உலை, மேல் மாடிகளில் கொழுந்து வாட்டும் தட்டுகள். மழைக்காலத்தில் வெளிக்காற்று ஈரமாயிருக்கும்; அதில் கொழுந்து வாடாது. அப்போது கீழே காயவைக்கும் அறையிலிருந்து எழும் வெதுவெதுப்பான காற்றைப் பெரும் விசிறிகளால் மேல் மாடிகளுக்கு இழுத்து, கொழுந்தின் ஊடாகச் செலுத்தினர். கீழே ஒருமுறை வேலை செய்த வெப்பம் மேலே ஏறி மறுமுறை வேலை செய்தது! வீண்வெப்பத்தை மீட்பது புதிய யோசனை என்று எண்ணுவோர் ஒருமுறை இந்த மாடிகளை ஏறிப் பார்க்க வேண்டும். ஏறுவது கடினந்தான், நாற்பது கிலோ கொழுந்து மூட்டையைச் சுமந்து ஏறியவர்களுக்கு இன்னும் கடினமாயிருந்தது.

அப்படியும் விரயம் பெரிது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடிய கொழுந்தைக் காயவைக்கையில், ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ நீர் ஆவியாக வேண்டும். அதற்குத் தேவை ஏறத்தாழ 3 மெகாஜூல் வெப்பம். அதே ஒரு கிலோவுக்கு எரியும் விறகு ஒன்றரைக் கிலோவும் அதற்கு மேலும். அவ்விறகினுள் இருப்பது 20 மெகாஜூல் அளவு. நீரை விரட்டியது போக மிகுதியெல்லாம் புகைபோக்கியாலும் ஈரக்காற்றாலும் அந்தச் சுவராலும் வெளியேறுகிறது. எங்கள் முதுகுகள் எடுத்துக்கொண்டது அதில் துளியிலும் துளி.

இனி மாணவிக்கு நான் கரும்பலகையில் எழுதிக்காட்டிய விடைக்கு வருகிறேன்.

தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீற்றர் தகட்டின்மேல் விழும் வெயில் ஏறத்தாழ 1000 வாட். அதில் 200 வாட் மின்சாரம். 700 வாட்டுக்கு மேல் வெப்பம். இத்தனை வெப்பமா என்று மலைக்கத் தோன்றும். ஆனால் கார்னோவின் அருவியை நினைவுகூருங்கள்: தண்ணீர் ஏராளம், உயரமோ குறைவு. தகடு 55 பாகை. நுவரெலியாக் காற்று 20 பாகை. இவ்விரண்டுக்கும் இடையில் எத்தகைய உன்னத எந்திரத்தை வைத்தாலும் நூற்றுக்குப் பத்து, பதினொரு பங்குக்கு மேல் எடுக்க இயற்கை விதி இடங்கொடாது. இன்றைய வெப்பமின் குறைகடத்திகள் அந்த எல்லையிலும் ஆறிலொரு பங்கையே எட்டுகின்றன. போதாததற்கு, காற்று ஒரு மந்தமான குளிர்விப்பான். 35 பாகை வித்தியாசத்தில் பாதியைக் காற்றே விழுங்கிவிடும். தகட்டின் பின்புறமாகச் செல்லும் வெப்பத்தையே நாம் பிடிக்க இயலும். எல்லாம் கழித்தால் கையில் மிஞ்சுவது மூன்று, நான்கு வாட். சோவியத் விளக்குத் தந்த அதே அளவு!

அதுவும் இலவசமன்று. பின்புறத்தில் ஒட்டிய கருவி வெப்பம் வெளியேறும் வழியில் தடையாக நிற்கும். தகடு ஐந்து பாகை கூடுதலாகச் சூடேறினால், பாகைக்கு 0.8 வாட் வீதம் நான்கு வாட் குறையும். வலக்கையால் பெற்றதை இடக்கையால் இழந்தோம். ஆழ்ந்த குளிர்நீரால் பின்புறத்தைக் குளிர்விக்கலாம், குவியாடியால் ஒளியைச் செறிவாக்கிச் சூட்டை உயர்த்தலாம் என்று ஆய்வாளர் பல வழிகளில் முயல்கின்றனர். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 2022இல் ஒரு குழு எதிர்த்திசையில் சிந்தித்தது. இரவில் தகடு வானத்தை நோக்கிக் கதிர்வீசிச் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது; அந்தக் குளிருக்கும் காற்றுக்கும் உள்ள சிறு வித்தியாசத்திலிருந்து அவர்கள் சதுர மீற்றருக்கு 50 மில்லிவாட் எடுத்தனர். ஒரு மின்மினி விளக்குக்குப் போதும். இம்முயற்சிகளை நான் எள்ளி நகையாடவில்லை. சீபெக்கின் ஊசி அசைந்தபோதும் அது யாருக்கும் விளக்கேற்றவில்லை. ஆனால் ஆண்டுக்கொரு முறை பத்திரிகைகளில் வரும் ‘வீண்வெப்பத்திலிருந்து அற்புத மின்சாரம்’ என்னும் தலைப்புகளைக் கண்டு மயங்கக் கூடாது என்பேன்.

“அப்படியானால் அந்தச் சூட்டால் ஒரு பயனுமில்லையா, சேர்?” என்றாள் அவள்.

உண்டு. வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் ஆசையை விட்டு, வெப்பமாகவே பயன்படுத்தினால் உண்டு. உயரமில்லாத நீர் சக்கரத்தைச் சுழற்றாது. ஆனால் வயலுக்குப் பாயும். தகட்டின் பின்னே ஒரு கூண்டு அமைத்துக் காற்றைச் செலுத்தினால் தகடு குளிர்ந்து கூடுதலாக மின்சாரம் தரும். காற்று பத்து, பதினைந்து பாகை சூடேறி வெளிவரும். அந்த 30, 35 பாகைக் காற்று தேயிலையைக் காயவைக்க உதவாது. கொழுந்தை வாட்ட அதற்குமேல் சூடு வேண்டியதில்லை, கூடவும் கூடாது. தகரக்கூரைக்கடியில் கொழுந்து வாடும் ஸ்டோரின் மேல், வெயிலடிக்கும் நாட்களில், சூரியத் தகடு இரண்டு வேலையும் பார்க்கலாம். மழைநாட்களில் பழையபடி விறகுதான். நீரைச் செலுத்தினால் லயத்துக் குழந்தைகள் குளிக்க வெந்நீர். மலைநாட்டின் குளிரில் பனிக்காலத்துக் குளியல் என்பது என்னவென்று சமவெளி வாசகர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

இந்த இடத்தில் விஞ்ஞானம் தன் எல்லைக்கு வந்துவிடுகிறது. கூரை யாருடையது என்னும் கேள்வி தொடங்குகிறது.

2016இல் அரசாங்கம் கூரைதோறும் சூரிய மின்சாரம் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கிற்று. நல்ல இயக்கம். 2022 மார்ச் இறுதியில், டொலர் இல்லாமல் எண்ணெய் இல்லாமல் நாடு ஒரு நாளில் 13 மணிநேரம் இருண்டு கிடந்தபோது, கூரையில் தகடு உடையவர்கள் தம் முன்யோசனையை மெச்சிக்கொண்டனர். ஆனால் தகடு வைக்கக் கூரை சொந்தமாக வேண்டும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளிடம் கைமாறிற்று. இவ்வளவு கைமாற்றத்திலும் லயத்துக் கூரை அதன்கீழ் வாழ்பவன் கைக்கு வரவில்லை. 7 பேர்ச் காணியும் தனிவீடும் பெற்ற குடும்பங்கள் உண்டு. ஆனால் நூறாண்டு பழைய லயத்தில் இருப்போர் இன்னும் ஏராளம். லயங்களுக்கு மின்சாரம் நாட்டின் பிற பகுதிகளுக்குப் பின்னரே வந்து சேர்ந்தது. வந்ததும், ஒரு காம்பராவுக்கென்று இழுத்த கம்பியில் பலர் தொங்க, ஒழுக்கு ஒன்று தீயாகி வரிசை முழுவதும் எரிந்துபோகும் செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி வாசிக்கிறோம். குப்பிலாம்புக் காலத்திலும் லயம் எரிந்தது. மின்விளக்குக் காலத்திலும் எரிகிறது.

இதற்கு மறுபக்கத்தில் ஒரு வேடிக்கை. 2025 ஏப்பிரலில், புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடியிருந்த நாட்களில், பகல் மின்சாரம் மிஞ்சி மின்வலை தடுமாறும் என்று அஞ்சி, கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் அணைத்துவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. சதுர மீற்றருக்கு நான்கு வாட்டை மீட்க நாம் கரும்பலகையில் போராடிக்கொண்டிருக்க, இருநூறு வாட்டை வேண்டாம் என்று சொல்லவேண்டிய நிலை. தேக்கிவைக்க வசதியில்லை என்பது பொறியியலாளர் தரும் காரணம், அது மெய்யே. மின்கலங்கள் விலை மிக்கவை. மலைநாட்டின் நீர்த்தேக்கங்களைக்கொண்டே பகலில் மிஞ்சுவதைச் சேமித்து இரவில் தருவது குறித்தும் பேசப்படுகிறது. அப்பேச்சு செயலாகும்போது மீண்டும் இம்மலைகளின் பெயரே திட்டத்தில் எழுதப்படும். எந்தப் பள்ளத்தாக்கு, எந்த லயம் என்பதை மக்கள் இம்முறை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இப்போது அவர்களிடம் வாக்குச்சீட்டு இருக்கிறது.

மாணவி என் கணக்கை முழுதும் நம்பவில்லை. மறுவாரம் ஒரு செப்புக் கம்பியையும் ஓர் இரும்புக் கம்பியையும் முறுக்கிக்கொண்டு வந்தாள். ஒரு சந்தியைத் தகட்டின் அடியில் ஒட்டினோம். மறு சந்தியைப் பீலித் தண்ணீரில் தோய்த்தோம். மானியில் ஒரு மில்லிவோல்ட்டிலும் குறைவாய் ஏதோ அசைந்தது. ஒரு கைவிளக்கு மின்கலத்துக்கு ஈடாக இப்படி எத்தனை சந்தி வேண்டும் என்று அவளே வகுத்துப் பார்த்து, “நாலாயிரம்” என்றாள். சற்று நேரம் பேசாதிருந்தாள்.

பிறகு தகட்டின் பின்புறத்தில் பழைய தகரத்தால் ஒரு கூண்டு அடித்திருக்கிறார்கள். தாய்மார் கொழுந்துச் சாக்கிலிருந்து ஒரு பிடி கொண்டுவருவதாக இரு பிள்ளைகள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். காலையில் நிறுத்து உள்ளே வைத்து, பள்ளி விடும் நேரத்தில் மறுபடி நிறுப்பதாக ஏற்பாடு. வெயில் வந்தால் வரும் திங்கட்கிழமை.